ஒய்15-ஐ விட்டு ஒய்16 எடுக்கலாமா? கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும், கோயில் வாசலிலோ சாப்பாட்டுக் கடை எதிரிலோ யமஹா ஒய்15இசட்ஆர் நிற்பதைப் பார்க்கலாம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என எங்கும் இதே காட்சிதான். இளைஞர்கள் இதை 'ஒய் சுக்கு' என்பார்கள். மலாயில் 'சுக்கு' என்றால் கால் பங்கு. பதினைந்து நிமிடம் கால் மணி நேரம் என்பதால், பதினைந்து என்ற எண்ணைச் சுமந்த வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் அடுப்படிச் சுக்குக்கும் இதற்கும் உறவில்லை. காரம் மட்டும் பொது.

இவ்வண்டி மலேசியாவுக்கு வந்தது 2015-இல். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது 135எல்சி. முதல் சுற்றில் வாங்கியவர்களின் ஒய்15 பத்து வயதைத் தொட்டுவிட்டது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஒய்16இசட்ஆர் அறிமுகமானதிலிருந்து, "மாத்திடலாமா?" என்ற கேள்வி தோட்டத்து வீடுகளில் அடிக்கடி எழுகிறது. மகன் கேட்கிறார், அம்மா மறுக்கிறார், அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். பதில் வண்டியில் பாதி, கடன் தாளில் பாதி இருக்கிறது.

முதலில் வண்டியைப் பார்ப்போம். ஒய்15-இன் இயந்திரம் 149.7 சிசி, சுமார் 15 குதிரைத்திறன், ஐந்து கியர். ஒய்16-இன் இயந்திரம் 155 சிசி, 17.7 குதிரைத்திறன், ஆறு கியர். இரண்டுமே நீரால் குளிரூட்டப்படுபவை. புதியதில் விவிஏ என்ற வால்வு அமைப்பு உண்டு. இயந்திரம் ஏறத்தாழ 7,400 சுழற்சியைத் தாண்டும்போது உள்ளிழுப்பு வால்வு இன்னொரு கேமுக்கு மாறி, மேல் வேகத்தில் கூடுதல் இழுவை கொடுக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இதுதான். ஆனால் தோட்டத்திலிருந்து பெஸ்தாரி ஜெயா பட்டணத்துக்குப் போய் வருபவர் அந்தச் சுழற்சியை எத்தனை முறை தொடுவார்? லாத்தார் விரைவுச்சாலை வழியாக ரவாங் பக்கம் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு ஆறாவது கியர் உண்மையில் உதவும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகும்போது இயந்திரம் அலறாது, கைக்கும் அதிர்வு குறையும். குறுகிய தூரம் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

என் பார்வையில், பேசப்படாத மாற்றங்கள்தாம் பயனுள்ளவை. ஒய்15-இன் முன் டயர் 70/90, ஒய்16-க்கு 90/80. அகலமான டயர், செம்பனை லோரிகள் சேறு உதிர்த்துவிட்டுப் போன தார்ச்சாலையில் கூடுதல் பிடிப்புத் தரும். கிளட்ச் இலகுவாகியிருக்கிறது. கியரை வேகமாக இறக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பும் அதிலேயே உண்டு. பெட்ரோல் தொட்டி 5.4 லிட்டர், ஒய்15-இல் நான்கு லிட்டர் சொச்சம்தான். ஒரு லிட்டர் கூடுதல் என்பது நகரத்தில் சின்ன விஷயம். சபாக் பெர்ணம் பக்கம் இரவு வேலை முடித்துத் திரும்புபவரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

அடுத்து பிரேக். இந்நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. எனவே ஏபிஎஸ் பற்றித் தெரிந்துகொள்ளாமல் வண்டி மாற்றுவதில் பொருளில்லை. திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுப்பதே இதன் வேலை. 150 சிசி அல்லது அதற்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களில் 2025 ஜனவரி 1 முதல் இது கட்டாயம் எனப் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. 149.7 சிசி என்பதால் ஒய்15 அந்தக் கோட்டுக்கு மயிரிழையில் கீழே நிற்கிறது. கவனிக்க வேண்டியது இன்னொன்று: முதலில் வந்த ஒய்16-இலும் ஏபிஎஸ் கிடையாது, பின்னர் வந்த பதிப்பில்தான் சேர்த்தார்கள். "ஒய்16 எடுத்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டு வண்டி என்பதையும் கேட்க வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் எங்கும் பாய்ந்து போகலாம் என்றும் இல்லை. செம்மண் பாதையில், உருளும் சரளையில், நிற்கும் தூரம் சில வேளைகளில் கூடவும் செய்யும். மழைக்கால மாலையில் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், முன்னால் போகும் லோரி சட்டென்று நின்றால்தான் அதன் அருமை தெரியும். புதிய வண்டிக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய வலுவான காரணம் இது ஒன்றே.

சாலை வரியில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. 150 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுக்கு 2 ரிங்கிட் என்றிருந்தது. அதற்கும் 2022 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. 151 முதல் 200 சிசி வரை 30 ரிங்கிட். ஐந்து சிசிதான் கூடியது, ஆனால் வண்டி அடுத்த படிக்குப் போய்விடுகிறது. முப்பது ரிங்கிட்டுக்காக யாரும் முடிவை மாற்றப் போவதில்லை. சுமை வேறு இடத்தில் இருக்கிறது.

தவணைக் கணக்கு

எல்லாச் செலவும் சேர்த்து வண்டி விலை 12,000 ரிங்கிட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் 1,200. மீதி 10,800 ரிங்கிட்டை ஐந்து ஆண்டுக் கடனாக, ஆண்டுக்குப் பத்து விழுக்காடு நிலையான வட்டியில் எடுத்தால் வட்டி மட்டும் 5,400. மாதத் தவணை 270 ரிங்கிட். ஐந்து ஆண்டு முடிவில் முன்பணத்தோடு சேர்த்து நீங்கள் கொடுத்தது 17,400 ரிங்கிட். 'பத்து விழுக்காடு' என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். கடன் குறையக் குறைய வட்டி குறையாமல், முழுத் தொகைக்கும் ஐந்து ஆண்டும் போடுகிறார்கள். வங்கி வீட்டுக் கடனைக் கணக்கிடும் முறையில் பார்த்தால் இது 17 விழுக்காட்டுக்கு மேல் வரும்.

இதே வண்டியை இன்னொரு விதமாக வாங்கிப் பார்ப்போம். பழைய ஒய்15 நல்ல நிலையில் இருந்து 4,000 ரிங்கிட்டுக்குப் போகிறது. அதை அப்படியே முன்பணமாகக் கட்டுகிறீர்கள். கடன் 8,000. அதே வட்டியில் மூன்று ஆண்டு எடுத்தால் வட்டி 2,400, தவணை 289 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. மாதம் 19 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுவதால் வட்டியில் 3,000 ரிங்கிட் மிச்சம். கடனும் இரண்டு ஆண்டு முன்பே முடிகிறது. கடையில் பெரும்பாலும் "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "மொத்தம் எவ்வளவு?" என்பது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் 270 என்றால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, பெட்ரோலும் டயரும் சேர்க்காமலே.

'முன்பணம் இல்லை' என்ற விளம்பரங்களையும் எச்சரிக்கையோடு பாருங்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்காவது முன்பணம் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தப் பத்து விழுக்காட்டை ஒப்பந்தத் தாளில் எப்படிக் காட்டுகிறார்கள், வண்டியின் விலையை ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். மலாயில் உள்ள தாள் புரியவில்லை என்றால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பதில் வெட்கமில்லை.

அப்பாவின் கையெழுத்து

இந்த வட்டாரத்தில் கூடுதலாகப் பேச வேண்டியது இதைத்தான். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பையனுக்குக் கடன் கொடுக்க நிறுவனம் ஜாமீன் கேட்கும். அப்பாவோ மாமாவோ அக்காவோ போய்க் கையெழுத்துப் போடுவார்கள். அது வெறும் சிபாரிசுக் கையெழுத்து என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கடன்காரர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவரே கட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் வண்டியைப் பறிமுதல் செய்வதற்கான முதல் அறிவிப்பு வரலாம். அதன் பிறகு 21 நாள் அவகாசம் உண்டு. மொத்தத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. இது வாங்கியவருக்கான பாதுகாப்பு. தெரியாமல் சாவியைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. வண்டி போய்விட்டால் கடனும் போய்விடும் என்பதும் தவறான நம்பிக்கை. ஏலத்தில் கிடைத்தது போதாவிட்டால் மீதித் தொகைக்குக் கடிதம் வரும், ஜாமீன் போட்டவருக்கும் வரும். கடன் பதிவில் கறை விழுந்தால், நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது எதிரே வந்து நிற்கும். புக்கிட் தாகார் வட்டாரத்தின் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி போன்ற தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு போராடின என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், மோட்டார் தவணையால் வங்கிக் கதவு அடைபடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

பழைய வண்டியை என்ன செய்வது? அதற்குக் கடன் பாக்கி இருக்கும்போதே நண்பரிடம் கொடுத்து, "நீ மாசா மாசம் கட்டிக்கோ" என்று விட்டுவிடும் 'சம்போங் பாயார்' வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. கடன் நிறுவனத்தின் சம்மதமில்லாமல் இப்படிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். பெயர் உங்களுடையதாகவே இருப்பதால் சம்மனும் உங்கள் வீட்டுக்கே வரும். அந்த வண்டி விபத்தில் சிக்கினால் போலீஸ் தேடி வருவதும் உங்களைத்தான். கடனை முடித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயரை மாற்றிய பிறகே சாவியைக் கொடுங்கள். காப்புறுதியில் சேர்ந்திருக்கும் என்சிடி கழிவைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளுக்கு அது 25 விழுக்காடு வரை போகும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

காப்புறுதி என்றதும் இன்னொன்று. 135எல்சியும் ஒய்15-உம் திருடர்களுக்கும் பிடித்த வண்டிகள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு சென்னும் கிடைக்காது. தவணை மட்டும் தொடரும். இல்லாத வண்டிக்கு நான்கு ஆண்டு கட்டுவதைவிடக் கசப்பானது வேறில்லை. திருட்டையும் சேர்த்துக் காப்புறுதி எடுத்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே விலை கேளுங்கள்.

சிலர் நேரே ஆர்25-க்குத் தாவ நினைக்கிறார்கள். 249 சிசி, இரண்டு சிலிண்டர், முழு ஸ்போர்ட்ஸ் தோற்றம். பி2 லைசென்ஸ் 250 சிசி வரை அனுமதிப்பதால் சட்டத்தில் தடையில்லை. விலை 20,000 ரிங்கிட்டைத் தாண்டும். சாலை வரி 50 ரிங்கிட். டயரிலிருந்து பிரேக் பேட் வரை எல்லாமே ஒரு படி மேல். 160 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைச் செம்மண் மேட்டில் தள்ளித் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. பின் இருக்கையில் அம்மாவைச் சந்தைக்கு அழைத்துப் போக முடியுமா என்பதும் நியாயமான கேள்விதான். வார இறுதி ஓட்டத்துக்கு இரண்டாவது வண்டி வைத்துக்கொள்ள வசதி இருப்பவருக்கு அது சரி. வீட்டில் அது ஒன்றே வண்டி என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய ஒய்16 வாங்குவது நடுவழி. அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா, 62 மில்லிமீட்டர் பிளாக் போட்டு இயந்திரத்தைத் திறந்திருக்கிறார்களா என்பதைப் பார்க்க நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். ஏபிஎஸ் வேண்டும் என்பதற்காக மாற்றுபவர் 2022-ஆம் ஆண்டு ஒய்16-ஐ வாங்கினால் நோக்கமே நிறைவேறாது.

கடன் முடிந்த ஒய்15 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. புகை வரவில்லை, குளிர்விப்பு நீர் குறையவில்லை, இயந்திரத்தில் தட்டும் ஓசை இல்லை என்றால், இரண்டு நல்ல டயர், பிரேக் பேட், செயின் செட் மாற்றி ஓட்டுங்கள். கட்டியிருக்க வேண்டிய அந்த 270 ரிங்கிட்டை மாதந்தோறும் தனியே போட்டு வாருங்கள். இரண்டரை ஆண்டில் 8,100 ரிங்கிட் சேரும். பழைய வண்டியை விற்று வருவதையும் அதோடு சேர்த்தால், யாருடைய ஜாமீனும் இல்லாமல் ஏபிஎஸ் உள்ள வண்டியின் விலையை நெருங்கிவிடலாம்.