ஃபோர் வீல் டிரைவ் வண்டியா? டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு எந்த ஆயில்னு தெரியுமா?

இன்ஜின் ஆயில் மாத்த யாரும் மறக்கறதில்ல. கியர்பாக்ஸ் ஆயிலைக்கூட சர்வீஸ் சென்டர்ல ஞாபகப்படுத்திடுவாங்க. ஆனா ஃபோர் வீல் டிரைவ் வண்டி வச்சிருக்கறவங்ககிட்ட ``டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் எப்போ மாத்துனீங்க?''னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர், ``அதுக்குத் தனி ஆயிலா?''னு திருப்பிக் கேட்பாங்க.

ஆமாம், தனி ஆயில்தான். பெரும்பாலான வண்டிகளில் ஒன்று முதல் இரண்டு லிட்டர்தான் பிடிக்கும். ஆனால், அதைத் தப்பாக ஊற்றினால் வரும் செலவு பெரிது.

இது என்ன வேலை செய்யுது?

கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். உள்ளே பேரிங்குகள், கியர்கள் இருக்கும். பல வண்டிகளில் தடிமனான ஒரு செயினும் உண்டு. `ஆட்டோ' மோடு உள்ள சில வண்டிகளில் இவற்றோடு கிளட்ச் தட்டுகளும் சேரும். உள்ளே என்ன இருக்கிறதோ, அதற்கு ஏற்ற ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

மூன்று வகை ஆயில்

கியர் ஆயில்: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய ஜீப்கள் மாதிரி, முழுக்க கியரால் இயங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்களுக்கு இது. கெட்டியானது. பல் மேல் பல் அழுத்தும்போதும் ஆயில் படலம் கிழியாமல் தாங்கும்.

ஏடிஎஃப்: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில். பெரும்பாலும் சிவப்பு நிறம். செயினும் சின்ன ஆயில் பம்ப்பும் உள்ள பல டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் இதைத்தான் பயன்படுத்தச் சொல்வார்கள். இதற்குப் பதில் கெட்டி கியர் ஆயிலை ஊற்றினால், குளிர்காலை நேரத்தில் பம்ப்பால் அதை இழுக்க முடியாது. மேலே உள்ள பேரிங் காய்ந்துபோகும்.

ஸ்பெஷல் ஆயில்: கிளட்ச் தட்டுகள் உள்ளவற்றுக்கு. தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை இந்த ஆயில்தான் தீர்மானிக்கும். அமெரிக்காவின் ஜிஎம் டிரக்குகளில் வரும் `ஆட்டோ-ட்ராக்' டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு நீல நிற ஆயில் தனியாகவே உண்டு. வேறு ஆயில் ஊற்றினால், வளைவில் திரும்பும்போது வண்டி `கடகட'வென உதறும். அப்படியே ஓட்டினால் தட்டுகள் கருகிவிடும்.

ஒரே மாடல், ரெண்டு ஆயில்!

``என் ஃப்ரெண்டும் இதே வண்டிதான் வச்சிருக்கான், அவன் ஊத்துனதையே ஊத்திடுவேன்''னு சொல்றீங்களா? கொஞ்சம் பொறுங்க. 1999 முதல் 2004 வரை வந்த ஜீப் கிராண்ட் செரோக்கியை எடுத்துக்கோங்க. அதில் செலக்-ட்ராக் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்தால் ஏடிஎஃப். குவாட்ரா-ட்ராக் 2 இருந்தால் அதற்கென்றே உள்ள தனி ஆயில். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே வண்டிதான். அதனால் மாடல் பெயரை மட்டும் நம்பாமல், டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள சின்ன உலோகத் தகட்டையும் ஓனர்ஸ் மேனுவலையும் பாருங்கள்.

டப்பாவில் எதைப் பார்க்கணும்?

* 75டபிள்யூ-90 போன்ற எண்: இது ஆயிலின் கெட்டித்தன்மை. இன்ஜின் ஆயில் எண்ணோடு இதை ஒப்பிடக் கூடாது, அளவுகோலே வேறு. 75டபிள்யூ-90 கியர் ஆயில், கிட்டத்தட்ட 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் அளவு கெட்டிதான்.
* ஜிஎல்-4, ஜிஎல்-5: `பெரிய நம்பர்னா நல்ல ஆயில்' என்று நினைக்காதீர்கள். ஜிஎல்-5-ல் அதிக அழுத்தத்தைத் தாங்கும் கந்தகச் சேர்மங்கள் கூடுதல். சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கலாம். மேனுவல் ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-4-தான்.
* பழைய பெயர்கள்: மேனுவலில் `டெக்ஸ்ரான் 3' என்றிருக்கலாம். 2006-ம் ஆண்டோடு ஜிஎம் அதற்கான லைசென்ஸை நிறுத்திவிட்டது. இப்போதைய மாற்று எது என்று பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மாத்தும்போது கவனம்

1. கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்துங்கள்.
2. முதலில் மேலே உள்ள, ஆயில் நிரப்பும் போல்ட்டைக் கழற்றுங்கள். கீழே வடித்த பிறகு, மேல் போல்ட் துருப்பிடித்துக் கழற மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்!
3. அதன்பின் கீழ் போல்ட்டைக் கழற்றி வடியுங்கள். போல்ட்டின் காந்தத்தில் மாவு மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். துண்டு துண்டாக உலோகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
4. பெரும்பாலான வண்டிகளில், மேல் துளையின் விளிம்பு வரை ஆயில் வந்தால் போதும்.

ஆயில் சொல்லும் சேதி

பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆழமான ஓடையில் இறங்கி ஏறினால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் உடனே செக் பண்ணுங்கள். நீங்கள் ஊற்றியதைவிட அளவு கூடியிருந்தால், கியர்பாக்ஸுக்கும் இதற்கும் நடுவில் உள்ள சீல் போய், அங்குள்ள ஆயில் இங்கே வருகிறது என்று சந்தேகப்படலாம். தீய்ந்த வாடை வந்தால், அதிகச் சூடு.

தப்பா ஊத்தியாச்சா?

பதற வேண்டாம், ஆனா ஓட்டவும் வேண்டாம். வடித்துவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றி, சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, மறுபடி வடித்துப் புது ஆயில் நிரப்புங்கள். ரெண்டு லிட்டர் கூடுதல் செலவுதான். டிரான்ஸ்ஃபர் கேஸையே மாத்துவதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

கடைசியாக ஒன்று. நல்ல ஆயில் ஊற்றிவிட்டு, காய்ந்த தார் ரோட்டில் பார்ட்-டைம் ஃபோர் வீல் போட்டு ஓட்டினாலோ, நாலு டயரும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தாலோ, எந்த ஆயிலாலும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் காப்பாத்த முடியாது. இன்னிக்கே மேனுவலை எடுத்து அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஆயில் கடையில் நிற்கும்போது கைகொடுக்கும்!