கரையில் நின்ற சிறுவன்

அனர்த்தம் நிகழ்ந்தால் பத்திரிகைகள் இறந்தோர் தொகையையே முதலில் தேடும். பல தசாப்தங்கள் இத்தொழிலில் இருந்த எனக்கோ, காப்பாற்றச் சென்றவர்களின் வரலாறே அதிகம் அறியத்தக்கதாகத் தோன்றுகிறது.

1909 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், றோனோக் ஆற்றில் வள்ளம் கவிழ்ந்து இருவர் மூழ்கினர். கரையில் நின்றோரால் எதுவும் செய்ய இயலவில்லை. அதைக் கண்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜூலியன் ஸ்ரான்லி வைஸ்.

பத்தொன்பது ஆண்டுகளின் பின், 1928 இல், நோர்போக் அன்ட் வெஸ்ரேர்ன் புகையிரதக் கம்பனியில் பணியாற்றிய வைஸ், சக ஊழியர்களைத் திரட்டி றோனோக் உயிர்காப்பு முதலுதவிக் குழுவை அமைத்தார். அமெரிக்காவின் முதலாவது சுயாதீனத் தொண்டர் மீட்புக் குழுவாக அது கருதப்படுகிறது.

அக்காலத்தில் அந்நாட்டின் பல ஊர்களில் காயமடைந்தோரை ஏற்றிச் சென்றவை மரணச்சடங்கு நிறுவனங்களின் வாகனங்களே. வாகனம் இருந்தது, வழியில் உயிரைத் தாங்கிப் பிடிக்கப் பயின்ற கைகள் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தையே, ஊதியம் பெறாத இத்தொண்டர்கள் நிரப்பினர். வேறு ஊர்களும் இம்முறையைப் பின்பற்றின.

ஆயினும் நிறவேற்றுமை இங்கும் குறுக்கிட்டது. 1941 இல் அதே நகரின் கறுப்பின மக்கள் ஹன்ரன் உயிர்காப்புக் குழுவைத் தனியாக அமைத்தனர். ஆபத்துக்கு நிறமில்லை, உதவிக்கு அன்று நிறம் இருந்தது.

1909 இலும் ஆற்றங்கரையில் இரக்கத்துக்குக் குறைவிருந்திருக்காது என்றே எண்ணுகிறேன். இல்லாதிருந்தது பயிற்சி. இரக்கத்தைப் பயிற்சியாக மாற்றியதே வைஸ் செய்த பெரும்பணி.