கடை ஊழியர்களுக்கு 'உட்காரும் உரிமை': சட்டம் சொல்வது என்ன?

தாம்பரம் சண்முகம் சாலை, குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலை துணிக்கடைகளில் சேலை எடுத்துக் காட்டும் பெண்கள் பெரும்பாலும் நின்னுகிட்டேதான் இருப்பாங்க. கூட்டமே இல்லாத மதிய நேரத்திலும் அப்படித்தான். ஆனால், அவர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கு.

2021 செப்டம்பரில் அமைச்சர் சி.வி.கணேசன் சட்டப்பேரவையில் மசோதா கொண்டுவந்தார். 1947-ம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம். ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

முன்னோடி கேரளா. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி, 'பெண்கூட்டு' அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை, அப்புறம்தான் நாற்காலி. கடைப் பெண்களைத் திரட்டி தொழிற்சங்கமும் அமைத்தார்கள். 2018-ல் அங்கு சட்டம் திருத்தப்பட்டது.

பிரிட்டனில் இது பழைய கதை. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1964-ம் ஆண்டு உடன்படிக்கை (எண் 120), இருக்கை இருந்தால் மட்டும் போதாது, அதில் உட்கார நியாயமான வாய்ப்பும் தரணும் என்கிறது.

சிக்கலும் அங்கேதான். எத்தனை நிமிடம் உட்காரலாம் என்று 22-ஏ சொல்லவில்லை. மூலையில் ஸ்டூல் கிடக்கும்; சூப்பர்வைசர் முறைத்தால் யார் உட்காருவாங்க? தனி ஆளாகக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். அதனால்தான் சங்கம் மூலம் கேட்பது பலன் தருகிறது. இருக்கையே இல்லாத கடை என்றால், தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.