ஷெல் துண்டும் தொண்டை நோயும்: தெரிந்ததும் தெளிவாகாததும்

வன்னிப் பக்கம் செய்தி சேகரிக்கப் போகும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி வரும். ஷெல் துண்டு இன்னும் உடம்புக்குள் கிடக்கிறது, இப்போது தொண்டை கரகரக்கிறது, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது. அந்த இரும்புதான் காரணமா என்பதே அது. 2009 இல் காயம் கட்டியபோது ஆழத்தில் இருந்த துண்டுகள் பலருக்கு எடுக்கப்படவில்லை. எடுக்கப்போவது விடுவதைவிட ஆபத்து என்று பிறகும் வைத்தியர்கள் விட்டுவிட்டதுண்டு.

முதலில் துகளைப் பற்றி. நூறு நனோமீற்றருக்கும் சிறியதைத்தான் நனோ துகள் என்கிறார்கள். தலைமயிர் ஒன்றின் தடிப்பே ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். குண்டு வெடிக்கும் சூட்டில் உலோகம் ஆவியாகி, குளிரும்போது இந்தத் துகள்கள் உருவாகின்றன. வெல்டிங் புகையிலும் வாகனப் புகையிலும் இவை உண்டு. பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியேறும். நுண்ணியது நுரையீரலுக்குப் போகும். அதைவிடவும் மிகச் சிறியவை திரும்பவும் மூக்கிலும் தொண்டையிலுமே படிகின்றன.

இத்துகள்கள் மனிதத் திசுவில் இருப்பது கற்பனையல்ல. இத்தாலியின் மொடேனாவில் அன்டோனியெட்டா கத்தி, போர்க்களங்களில் இருந்து நோயோடு திரும்பிய படையினரின் திசுக்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து உலோகத் துகள்களைக் கண்டார். 2016 இல் பிரித்தானியாவின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெக்சிக்கோ நகரிலும் மான்செஸ்ரரிலும் வாழ்ந்த 37 பேரின் மூளைத் திசுவில் காந்த இரும்புத் துகள்களைக் கண்டார்கள்.

ஆனால் இருப்பது வேறு, நோயைத் தருவது வேறு. நோயுள்ள தொண்டையில் துகள் கிடந்தால், நோயில்லாதவரின் தொண்டையிலும் அதே அளவு கிடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அதைச் செய்யாமல் முடிவு சொன்னால் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். தொடையில் கிடக்கும் துண்டு தொண்டையில் புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்வதற்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. கழுத்தில் கிடக்கும் துண்டு வேறு விஷயம். அது குரல்நாண் நரம்பையோ உணவுக்குழாயையோ அழுத்தலாம், காயத் தழும்பு இறுகலாம், துண்டு இடம்மாறவும் கூடும். அப்படியானவர்கள் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

துண்டு தன்னைச் சுற்றியுள்ள இடத்தில் கேடு செய்யலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2005 இல் அமெரிக்காவில் டங்ஸ்டன், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகத்தை எலிகளின் காலில் வைத்துப் பார்த்தபோது, அந்த இடத்திலேயே தசைப் புற்றுநோய் வந்தது. மூட்டுக்குள் கிடக்கும் ஈயச் சன்னம் மூட்டு நீரில் மெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கும். வயிற்றுவலி, களைப்பு, இரத்தசோகை வரலாம். இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதித்தால் தெரிந்துவிடும். உடம்பில் துண்டுகளோடு வாழும் தனது முன்னாள் படையினரைக் கண்காணிக்க அமெரிக்கா 2008 இல் போல்ரிமோரில் தனி நிலையமே தொடங்கியது. அவர்களின் சிறுநீரில் உலோக அளவு பார்க்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த சனத்துக்கு அப்படியொரு பதிவேடு வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல.

இதற்கிடையில், காரணம் என்று நிரூபிக்கப்பட்டவற்றை மறந்துவிடுகிறோம். புகைத்தலும் மதுவும் குரல்வளைப் புற்றுநோய்க்குக் காரணம். பாக்கோடு வெற்றிலை போடுவது, புகையிலை சேர்க்காவிட்டாலும், வாய்ப் புற்றுநோயைத் தரும். அஸ்பெஸ்ரஸும் குரல்வளைப் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் உறுதி செய்திருக்கிறது. மீள்குடியேற்ற வீடுகள் பலவற்றின் கூரை அதுதான். முழுசாக இருக்கும் சீற்றைவிட, அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசிதான் மோசம். நனைத்துவிட்டுக் கழற்றுங்கள், அறுக்கவேண்டாம்.

மூன்று கிழமைக்கு மேல் குரல் கரகரத்தால், விழுங்கும்போது தடக்கினால், கழுத்தில் கட்டி தெரிந்தால், காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள். உடம்பில் துண்டு இருப்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால் கட்டாயம் சொல்லுங்கள்; அதன் காந்தம் இரும்புத் துண்டை இழுத்து அசைக்கும், கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம். பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் இருந்தால், அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருங்கள்.