செம்பில் ஏறாத பெயர்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் பழைய ஊர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கோயிலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சின்னமனூர் பூலாநந்தீசுவரர் கோயிலுக்கு இரண்டாம் முறை போனபோது, அவ்வூர்ச் செப்பேட்டை வாசித்துவிட்டுப் போனேன். கோயில் ஒரு பிரதி, செப்பேடு இன்னொரு பிரதி. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: யார் பேர் இதில் இல்லை?

பெரிய சின்னமனூர்ச் செப்பேடு 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாண்டியன் இராசசிம்மன் அளித்தது. வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் இருக்கின்றன. மதுரையில் சங்கம் வைத்ததும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதும் அவன் முன்னோர் செயல்கள் என்கிறது அது. சங்கப் பெருமை பேசுகிறவர்கள் எடுத்துக்கொள்வது இந்த இடத்தை மட்டுந்தான். ஆனால் பட்டயத்தின் வேலை அதுவா? அளநாட்டு நற்செய்கைப்புத்தூரை மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றிப் பிரமதேயமாகக் கொடுப்பதல்லவா அதன் வேலை! சங்கமும் பாரதமும் இங்கே ஒரு நிலமாற்றத்துக்கு முன்னுரை. தமிழ்ப் பேர் போச்சு, வடமொழிப் பேர் வந்தாச்சு. உழுதவன் யாரு? அவன் பேர் செம்பில் ஏறவில்லை.

வெற்றிகளை அடுக்கும் இந்த மன்னன்தான் சோழன் முதலாம் பராந்தகனிடம் தோற்று, முடியை ஈழத்தில் வைத்துவிட்டுச் சேரநாட்டுக்குப் போனான். அதிகாரம் ஆட்டங்காணும்போதுதான் மெய்க்கீர்த்தி சத்தமாகப் பேசுகிறது.

ஊர்க்கதையோ வேறுமாதிரி தொடங்குகிறது. பால் கொண்டுபோன ஆள் பூலாமர வேர் தடுக்கி விழுகிறான். வேரை வெட்டினால் ரத்தம். முதலில் கண்டவன் அவன்தான். ஆனால் லிங்கத்தைக் கட்டித் தழுவி நிலைத்த பேர் ராஜாவுடையது. உழைப்பவனைக் கதைக்குள் விட்டு, பேரில்லாமல் வெளியேற்றுவதுதான் தலபுராணத்தின் தந்திரம்.

இது பழங்கதை மட்டுமல்ல. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்தது, பள்ளத்தாக்கு செழித்தது. பென்னிகுயிக்குக்கு லோயர்கேம்பில் 2013இல் மணிமண்டபமும் திறந்தாகிவிட்டது. அந்த நன்றி நியாயமானதே. காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலிகளின் பேர்ப்பட்டியல் எங்கே? தானம் கொடுத்தவனையும் கட்டியவனையும் மட்டுமே நினைவில் வைக்கும் பழக்கம் செப்பேட்டோடு முடிந்துவிடவில்லை.

1996இல் தேனி தனி மாவட்டமானது. மாவட்ட வரலாறு எழுத விரும்பும் நண்பர்கள் சின்னமனூரிலிருந்து தொடங்கட்டும். தானம் பெற்றவரோடு நிறுத்தாமல், கைமாறிய மண்ணில் நின்றவர்கள்வரை போகட்டும்.