அணில் கூண்டும் அசாம் தேயிலையும்: கார் ப்ளோயரின் கதை

தில்லி, நொய்டா, குர்கான் பக்கம் குடியேறிய நம் ஆட்களிடமிருந்து டிசம்பர் பிறந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், ப்ளோயர் ஒண்ணு, ரெண்டு, மூணுல வேலையே செய்யலை. நாலுல வெச்சா மட்டும் புயல் மாதிரி அடிக்குது. என்னவா இருக்கும்?"

சென்னையிலும் மதுரையிலும் வண்டி ஓட்டிய வரைக்கும் டேஷ்போர்டில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதையே நாம் கண்டுகொண்டிருக்க மாட்டோம். சிவப்புக் கோடு போட்ட அந்தத் திருகு வாங்கிய நாளிலிருந்து நீலப் பக்கத்திலேயே தூங்கியிருக்கும். இங்கே வந்து முதல் மூடுபனியில், நாலு பேர் விடும் மூச்சில் கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்து, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பின் சீட்டில் குழந்தைகள் இருக்கும்போது இது வெறும் சொகுசு சமாச்சாரம் இல்லை.

கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: ரெசிஸ்டர். ஆனால் அது ஏன் என்று புரிய, கொஞ்சம் வரலாறு வேண்டும். காரில் எது முதலில் வந்தது, அதன் மேல் எது வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தால், பழுது எங்கே என்று பாதி கண்டுபிடித்த மாதிரிதான். மெக்கானிக் எதை வேண்டுமானாலும் சொல்லி நம் தலையில் கட்டவும் முடியாது.

ஆரம்பகாலக் கார்களில் கூரையே சரியாகக் கிடையாது. குதிரை வண்டிக் காலத்துப் பழக்கப்படி, குளிர் நாடுகளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கரித்துண்டு கனலும் சின்னப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு போனார்கள். மூடிய கார்கள் பெருகிய பிறகுதான் யோசனை வந்தது. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகத்தானே போகிறது, அதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பினால் என்ன?

முதலில் கைவைத்தது புகைக்குழாயில். 1929 வாக்கில் ஃபோர்டு மாடல் ஏ காருக்குக் கிடைத்த ஹீட்டர் இந்த வகை. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயைச் சுற்றி ஒரு உறை. அதற்குள் சூடான காற்று ஓட்டுநர் காலடிக்கு வரும். செலவு குறைவு, ஆனால் ஆபத்து அதிகம். குழாயில் எங்காவது விரிசல் விட்டால் சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவது போல வந்து ஆளையே முடித்துவிடும்.

1930 வாக்கில் இன்னொரு வழி பிறந்தது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் வெந்நீரில் ஒரு பங்கை, டேஷ்போர்டின் பக்கமுள்ள குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுவது. இதைத்தான் ஹீட்டர் கோர் என்கிறோம். பெட்ரோல், டீசல் கார்களில் இன்றைக்கும் இதே ஏற்பாடுதான். புகைக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் சூடான கோர் இருந்தால் மட்டும் போதுமா? அதன் வழியே காற்றைத் தள்ள ஒருவர் வேண்டுமே! அங்கேதான் நம் கதாநாயகன் வருகிறார்.

இதற்குக் கொஞ்சம் பின்னால், கடல் தாண்டி நம் நாட்டுக்கே வர வேண்டும். 1864ல் பெல்ஃபாஸ்ட் நகரத்திலிருந்து சாமுவேல் டேவிட்சன் என்ற இளைஞர் அசாமின் கச்சார் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். அப்போதெல்லாம் தேயிலையைக் கரி அடுப்பின் மேல் வைத்துத்தான் உலர்த்துவார்கள். புகை ஏறும், இலை கருகும், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் தரம் மாறும். டேவிட்சன் இதற்குப் பதில் சூடான காற்றை இலையின் ஊடே செலுத்தி உலர்த்தும் இயந்திரங்களைச் செய்ய ஆரம்பித்தார். பிறகு ஊர் திரும்பி, 1881ல் பெல்ஃபாஸ்டில் தொழிற்சாலை தொடங்கினார். இயந்திரங்களுக்கு அவர் வைத்த பெயர் சிராக்கோ. சகாரா பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கி வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது.

உலர்த்தும் இயந்திரத்துக்கு நல்ல விசிறி தேவைப்பட்டது. அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர், 1898ல் புது மாதிரி விசிறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டுக் கூரையில் சுற்றும் மூன்று இறக்கை சமாச்சாரம் அல்ல இது. ஒரு உருளையின் ஓரம் முழுக்க, முன்பக்கம் வளைந்த சின்னச் சின்னத் தகடுகள். காற்று நடுவில் நுழைந்து ஓரம் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். சின்ன இடத்தில் நிறையக் காற்றைத் தள்ளக்கூடியது. பார்க்க அணில் ஓடி விளையாடும் கூண்டுச் சக்கரம் மாதிரி இருப்பதால் அணில் கூண்டு விசிறி என்ற பெயர் வந்தது. கப்பல், சுரங்கம், தொழிற்சாலை என்று எங்கும் பரவியது. நீலகிரியிலோ வால்பாறையிலோ தேயிலை ஃபாக்டரிக்குள் போனவர்களுக்கு அந்தச் சூடான காற்றும் வாசனையும் நினைவிருக்கும்.

உங்கள் காரில் டேஷ்போர்டின் அடியில், பெரும்பாலும் இடது பக்கம், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ப்ளோயரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் உருளை, ஓரமெல்லாம் வளைந்த தகடுகள். கச்சார் தோட்டத்தில் விதை விழுந்த விசிறியின் பேரன்தான் அது :-)

விசிறியைச் சுற்ற மின்சாரம் வேண்டும். கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்த காலத்தில் காரில் அதற்குப் பெரிய இடம் இல்லை. 1912ல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகு, பேட்டரியும் டைனமோவும் காரின் நிரந்தர உறுப்பினர்கள் ஆயின. விளக்கு, வைப்பர் எல்லாம் மின்சாரத்துக்கு மாறின; ஹீட்டர் விசிறியும் அந்த வரிசையில் சேர்ந்தது. 1938ல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டி, சூடாக்கி, விசிறியால் உள்ளே தள்ளும் அமைப்பைக் கொண்டுவந்தது. ப்ளோயர், வடிகட்டி, ஹீட்டர் கோர் என்ற இன்றைய மூவர் கூட்டணி இப்படித்தான் உருவானது.

விசிறி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் நல்ல உதாரணம். எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியே அதன் ஹீட்டருக்கும் காற்றுத் தள்ளியது. எஞ்சின் வேகமாக ஓடினால் சூடு, சிக்னலில் நின்றால் ஜில். குளிர் நாடுகளில் பீட்டில் ஓட்டியவர்கள் இதைச் சொல்லிப் புலம்பாத நாள் கிடையாது.

இனி குளிரூட்டும் கதை. 1939 இறுதியில் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம், 1940ஆம் ஆண்டு மாடலுக்காக உலகின் முதல் தொழிற்சாலை ஏசி காரை அறிமுகப்படுத்தியது. ஏசிக்கு மட்டும் 274 டாலர் தனி. குளிர்விக்கும் பகுதியும் ப்ளோயரும் டிக்கியில் உட்கார்ந்துகொண்டு பெட்டி வைக்கும் இடத்தைத் தின்றன. தெர்மோஸ்டாட் கிடையாது. கம்ப்ரஸரைத் துண்டிக்கும் கிளட்ச்சும் கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் ப்ளோயர் சுவிட்சை அணைக்கலாம். முழுதாக நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! அதாவது, முதல் கார் ஏசியில் பயணியின் கையில் இருந்த ஒரே கட்டுப்பாடு விசிறிதான். விற்பனை ஓடவில்லை, 1941ல் கைவிட்டார்கள்.

1954ல் அதே நாஷ் நிறுவனம்தான் முக்கியமான வேலை ஒன்றைச் செய்தது. டிக்கியில் இருந்த ஏசியை முன்பக்கம் கொண்டுவந்து, ஹீட்டரோடு ஒரே அமைப்பாக இணைத்தது. ஒரே காற்றுப்பாதை, இரண்டு வேலை. இன்றைய கார்களும் இந்த வழியில் வந்தவைதான். ப்ளோயர் தள்ளும் காற்று முதலில் குளிர்ந்த எவாப்பரேட்டரைத் தாண்டும். பிறகு ஒரு சின்னக் கதவு அதை ஹீட்டர் கோர் பக்கம் திருப்பும், அல்லது திருப்பாமல் விடும்.

இந்த இடத்தை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டருக்கும் ஏசிக்கும் விசிறி ஒன்றே. இரண்டிலும் காற்று வரவில்லை என்றால் பழுது விசிறியிலோ அதன் மின்சாரத்திலோ இருக்கிறது. காற்று நன்றாக வந்து, குளிர்ச்சியோ சூடோ மட்டும் இல்லை என்றால் விசிறி நிரபராதி.

நம் நாட்டில் இதெல்லாம் தாமதமாகத்தான் வந்தது. அம்பாசிடர், பத்மினி காலத்தில் முன் கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் வரும் காற்றுதான் பெரும்பாலோருக்கு ஏசி. 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து மாருதி 800 வந்தது. 1985ல் ஜப்பானியக் கூட்டுடன் தொடங்கப்பட்ட சப்ரோஸ் நிறுவனம் நொய்டாவில் கார் ஏசி தயாரிக்க ஆரம்பித்தது. 796 சிசி எஞ்சின் பாவம், ஏசி போட்டால் மூச்சு வாங்கும். ஓவர்டேக் செய்ய ஏசியை அணைத்த கதை நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. 1998ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாராக ஆரம்பித்தது. அதற்குப் பிந்தைய பத்தாண்டில் ஏசி இல்லாத கார்தான் அபூர்வம் என்றானது.

சரி, இப்போது அந்த நாலாம் நம்பர் மர்மத்துக்கு வருவோம்.

மோட்டாருக்குப் பேட்டரியின் 12 வோல்ட்டும் கிடைத்தால் முழு வேகம். வேகத்தைக் குறைக்க, பழைய எளிய வழி: நடுவில் கம்பிச்சுருள்களை வைத்து மின்சாரத்தைத் தடுப்பது. ஒன்றாம் நம்பரில் எல்லாச் சுருளும் குறுக்கே நிற்கும். இரண்டு, மூன்றில் குறையும். நாலில் எதுவும் இல்லாமல் மின்சாரம் நேரே மோட்டாருக்குப் போகும். தடுக்கும் சுருள் சூடாகுமே? அதனால் அதைக் காற்றுப்பாதைக்குள்ளேயே பொருத்தி, ப்ளோயர் காற்றாலேயே குளிர வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வடிகட்டியில் தூசி அடைத்துக் காற்று குறைந்தாலோ, மோட்டார் இறுகி அதிக மின்சாரம் இழுத்தாலோ சுருள் அளவுக்கு மீறிச் சூடாகும். தீப்பிடிக்காமல் இருக்க அதில் உள்ள பாதுகாப்பு ஃபியூஸ் உருகிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று போச்சு. நேர்வழியில் போகும் நாலு மட்டும் பிழைக்கும்.

ஆகவே ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் போதாது. அது ஏன் உருகியது என்றும் பார்க்க வேண்டும். கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தில்லித் தூசியில் அது போர்வை மாதிரி ஆகியிருக்கும். கண்ணாடியின் அடியில் காற்று நுழையும் இடத்தில் வேப்பிலை, அரசிலை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் எலிக் கூடுகூட இருக்கலாம். இவை சுத்தமாக இருந்தும் புது ரெசிஸ்டர் மீண்டும் போனால் மோட்டார் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மற்றவை சுருக்கமாக:

- எந்த நம்பரிலும் ஓடவில்லை: முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, இணைப்புகள், சுவிட்ச், கடைசியாக மோட்டார். மோட்டாரை லேசாகத் தட்டினால் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.
- வண்டி ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் குளிர்ச்சி போகிறது: எஞ்சின் முன்னால் இருக்கும் கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். அது வேறு ஃபேன். "ஃபேன் போச்சு" என்று மெக்கானிக் சொன்னால் எந்த ஃபேன் என்று கேளுங்கள்.
- காற்று வருகிறது, சூடு இல்லை: கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட், அடைத்த ஹீட்டர் கோர், அந்தச் சின்னக் கதவு. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.
- ஹீட்டர் போட்டால் இனிப்பான வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு: ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. தள்ளிப்போட வேண்டாம்.

ப்ளோயர் ஓடவில்லை என்று போனால், திறந்துகூடப் பார்க்காமல் "கேஸ் கம் ஹோ கயா சாப்" என்று சொல்லும் மகானுபாவர்கள் இங்கே நிறைய உண்டு. கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் குறையும், விசிறி நிற்காது. சில நூறு ரூபாய் ரெசிஸ்டருக்கு முழு ப்ளோயர் செட்டையே மாற்றச் சொல்பவர்களும் உண்டு. "நாலில் ஓடுகிறதே, அப்புறம் மோட்டாரை ஏன் மாற்றணும்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இந்த ரெசிஸ்டர் கதையும் முடிந்துகொண்டிருக்கிறது. தானியங்கி ஏசி உள்ள கார்களில் அதன் இடத்தை எலெக்ட்ரானிக் மாட்யூல் பிடித்துவிட்டது. மின்சாரக் காரில் வீணாகும் எஞ்சின் சூடே கிடையாது. ஹீட்டருக்கும் பேட்டரியைத்தான் கரைக்க வேண்டும், அதனால் குளிர்காலத்தில் ஓடும் தூரம் குறைகிறது. எஞ்சின் போனாலும் அணில் கூண்டு மட்டும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. கார்களுக்கு வந்த குளிர்ந்த காற்று, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டும் நம் லாரி ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு நெடுங்காலம் வரவே இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அரசு ஆணை வந்தது. பேக்கார்டுக்கும் இதற்கும் இடையே 85 வருஷத்துக்கு மேல். மூடுபனியில் நம் முன்னால் போகும் லாரிக்காரர் தெளிந்த கண்ணோடு ஓட்டினால் அது நமக்கும் பாதுகாப்புதானே.

பி.கு.: கண்ணாடியின் உட்புறம் பூத்தால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். திருகைச் சிவப்புப் பக்கம் வைத்து, ஏசியையும் போட்டு, வெளிக்காற்றைத் திறந்து, கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புங்கள். ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும், சீக்கிரமே தெளிந்துவிடும். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரோ ஏசியோ போட்டுக்கொண்டு காருக்குள் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.