சேகோ மாவு காட்டில் கிடைத்த உணவா? புரோய்க் வாய்மொழி வரலாற்றின் சான்று மதிப்பு

அருணாசலப் பிரதேசத்தின் கிழக்குக் காமெங், குருங் குமே மலைகளில் வாழும் புரோய்க் மக்களை ‘வேட்டையாடிகள், உணவு சேகரிப்போர்’ என்று வகைப்படுத்தும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே ஊன்றுகோலைப் பிடித்து நிற்கின்றன. இவர்களின் அடிப்படை உணவான சேகோ மாவு காட்டில் தானாக விளையும் மரத்திலிருந்து கிடைக்கிறது; ஆகவே இவர்கள் வேளாண்மைக்கு முந்தைய நிலையின் எச்சம் என்பதே அந்த வாதம். சேகோ பற்றிப் புரோய்க் முதியவர்கள் சொல்லும் தோப்புக் கதைகளையும் குல உரிமைக் கதைகளையும் அவ்வெழுத்துகள் பின்னாளில் கட்டிய புனைவு என ஒதுக்கிவிடுகின்றன. அக்கதைகளை ஒதுக்குவதற்கான காரணம் மரத்தைப் பற்றிய ஒரு பிழையில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

பிழை தாவரப் பெயரில் இருக்கிறது. புரோய்க் உணவைப் பேசும் குறிப்புகள் பலவற்றில் அந்தப் பனைக்கு மெட்ராக்சிலான் சாகு என்ற பெயரே திரும்பத் திரும்ப இடப்பட்டிருக்கிறது. அது நியூகினி, மலுக்குத் தீவுகளைத் தாயகமாகக் கொண்டு, வெப்பமான தாழ்நிலச் சதுப்பில் செழிக்கும் மரம். காமெங்கின் செங்குத்துச் சரிவுகளில் மாவு தருபவை கரியோட்டா, அரெங்கா, வாலிச்சியா ஆகிய மலைப்பனைகள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கூந்தற்பனை கரியோட்டாப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் வெட்டப்படுவது எந்த இனம் என்பதைப் பூவும் காயுமாக மாதிரி எடுத்தே முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் மெட்ராக்சிலான் இந்த வாதத்திலிருந்து விலக வேண்டியதுதான்.

இது வெறும் பெயர்த் திருத்தம் என்று கடந்துபோக முடியாது. மெட்ராக்சிலான் தன் உச்சியில், இலைகளுக்கு மேலே, ஒரே பெரிய பூங்கொத்தை விரித்துக் காய்த்து மடிகிறது. மலைப்பனைகளின் போக்கு நேர்மாறானது. முதற் பாளை உச்சி இலையின் கக்கத்தில் தோன்றும். அடுத்தது அதற்குக் கீழே. பிறகு இன்னும் கீழே. இப்படிப் பல ஆண்டுகள் இறங்கி வந்து தண்டு பட்டுப்போகும். அத்தனை பாளைகளுக்கும் உணவு, தண்டின் உட்சோற்றில் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த மாவுதான். முதற் பாளை தலைகாட்டும் தறுவாயில் வெட்டினால் தண்டு நிறைய மாவு. காய் பழுக்கும்வரை பொறுத்தால் நார்தான் மிஞ்சும். இளமரத்தை வெட்டினாலோ உழைப்பு வீண்.

அந்த உழைப்பும் சிறியதன்று. மரத்தைச் சாய்த்துத் தண்டைப் பிளந்து, உட்சோற்றை இடித்து நாராக்க வேண்டும். அதைப் பாயில் பரப்பி நீரூற்றி அடித்தடித்துக் கழுவ வேண்டும். நார் பாயில் நின்றுவிட, வெண்ணீர் கீழே இறங்கும். அது தெளிந்த பிறகு அடியில் படிந்த மாவைத் திரட்டுகிறார்கள். ஒரு குடும்பமே கூடிச் செய்யும் வேலை இது. எந்த மரம் இந்த ஆண்டு, எது இன்னும் சில ஆண்டு கழித்து என்று தெரியாமல் ஒரு குடும்பமும் இதில் இறங்காது.

இந்த இடத்தில்தான் வாய்மொழி வரலாறு சான்றாகிறது. மலைப்பனை முதிரப் பத்தாண்டுக்கு மேலும் ஆகக்கூடும். பக்கக்கன்று விடும் இனமானால், மூத்த தண்டை வெட்டும்போதே எந்தக் கன்றை விட்டுவைப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். இன்று வெட்டப்படும் மரத்தைப் பற்றிய முடிவைத் தந்தையோ பாட்டனோ எடுத்திருக்கலாம். இன்னார் தோப்பு, இன்ன குலத்தின் சரிவு, இன்னார் விட்டுவைத்த மரம் என்ற பேச்சு அந்த முடிவின் தொடர்ச்சி. வமிசாவளியும் மரக்கணக்கும் ஒரே நினைவில் பின்னிக் கிடப்பதில் வியப்பில்லை; அந்த நினைவு அறுந்தால் உணவும் அறும்.

நில உரிமை, இழப்பீடு பற்றிய பேச்சு வந்த பிறகே தோப்புரிமைக் கதைகள் முளைத்தன என்பது வழக்கமான மறுப்பு. சில கதைகளின் இன்றைய வடிவத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் முதிர்மரத்தைக் குறிபார்த்து வெட்டும் முறைக்கு இழப்பீட்டுச் சட்டம் தேவைப்பட்டதில்லை. உழவும் விதைப்பும் இல்லாததை வேளாண்மை என்று எப்படிச் சொல்வது என்ற மறுப்பு நெல்லை அளவுகோலாக வைத்துப் பனையை அளக்கிறது. அதற்கு இங்கே இடம் ஒதுக்க வேண்டியதில்லை. 

பழைய பதிவுகளையும் அவை உருவான சூழலோடு படிக்க வேண்டும். மானிடவியலாளர் ஃபூரர்-ஹைமண்டார்ஃப் 1944-45இல் சுபன்சிரிப் பகுதியில் தனி அலுவலராகப் பணியாற்றி, 1947இல் தம் இனவரைவியல் குறிப்புகளை வெளியிட்டார். அன்றைய நிர்வாகப் பயணங்கள் பெரும்பாலும், புரோய்க் குடும்பங்களைக் கொத்தடிமைகளாக வைத்திருந்த அண்டை மக்களான நிஷிகளின் ஊர்களில் தங்கி, நிஷி பேசுவோர் வழியாக நடந்தன. புரோய்க் மக்கள், நிஷிகள் அவர்களை அழைத்த ‘சுலுங்’ என்ற பெயரில் பதிவானதே அந்த வழியின் தடம். எசமான் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அடிமையின் தோப்பைப் பற்றிக் கேட்டால், ‘அது காட்டில் கிடைப்பது’ என்ற பதில் வருவது இயல்பு. உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால், அந்த ஆளின் உழைப்பின் மீது தான் கொண்டாடும் உரிமை ஆட்டம் காணும். அந்தப் பதிலைப் பொருளாதார விவரிப்பாக எடுத்துக்கொண்டதுதான் பிற்கால ஆய்வின் கோளாறு.

இதனால் கொத்தடிமை வரலாற்றையும் வேறு வகையில் படிக்க நேர்கிறது. தானியம் இல்லாத பசிதான் புரோய்க் குடும்பங்களை எசமானர்களிடம் சேர்த்தது என்பது மேற்சொன்ன வகைப்பாட்டின் துணைமுடிவு. ஆனால் கடன் ஏறிய வழிகளில் முதன்மையானது பரிசப்பணம். மணமகள் வீட்டுக்குத் தரவேண்டிய மிதுன் மாடும் பிற பொருளும் எசமானிடமிருந்து வந்தன. அதற்கு ஈடாகத் தம்பதியின் உழைப்பும், சில வேளை பிள்ளைகளின் உழைப்பும் போயின. பரிசத்துக்குச் செல்லுபடியாகும் பொருள் எது என்பதைத் தீர்மானித்தவர்கள் மிதுன் வைத்திருந்தவர்கள். மாவு எவ்வளவு நிறைந்த தோப்பானாலும் அந்தக் கணக்கில் அது செல்லவில்லை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் நோக்கில் இக்கடன்களை ஆராய்வோர் பஞ்சக் கணக்கைத் தேடுவதைவிடத் திருமணக் கணக்கைக் கேட்பதே பயன்தரும். அதோடு ஒவ்வொரு குடும்பமும் கடன்பட்ட ஆண்டில் அதன் தோப்பில் எத்தனை மரம் முதிர்ந்து நின்றது என்று முதியவர்களிடம் விசாரிக்க வேண்டும். மரமும் இருந்தது, கடனும் ஏறியது என்று அவர்கள் சொன்னால் பசிக் கோட்பாட்டைக் கைவிடலாம்.